இடம்பெயர்ந்த ஆவணங்களா, இடம்பெயர்த்த ஆவணங்களா?

அனைவருக்கும் வணக்கம்.

உரிய இடத்திலிருந்து வேறிடம் கொண்டுசெல்லப்பட்ட ஆவணங்களுக்கு ஒரு பொதுத் தமிழ்ச்சொல் தேடும் இந்த உரையாடல் இழையில், குடியேற்ற அரசுகள் ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறியபோது எடுத்துச் சென்ற ஆவணங்களுக்குப் ‘புலம்பெயர்ந்த ஆவணங்கள்’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. மனிதர் புலம்பெயர்வர், கோப்பு தானாக எங்கும் போவதில்லை என்பதால் அதை என்னால் ஏற்க இயலவில்லை.

கென்யா 1963 டிசம்பர் 12 அன்று விடுதலை பெறுவதற்குச் சற்று முன்னர், ஏறத்தாழ 1,500 கோப்புகள் அங்கிருந்து பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டன. 1967இல் கென்ய அரசு அவற்றைத் திருப்பிக் கேட்டும் பலனில்லை. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான மாவ் மாவ் எழுச்சிக் காலத்தில் சித்திரவதைக்கு உள்ளான முதியவர்கள் தொடுத்த வழக்கின்போதுதான், அவை ஹான்ஸ்லோப் பார்க் என்னும் அரசு வளாகத்தில் இருப்பதை 2011இல் பிரிட்டிஷ் அரசு ஒப்புக்கொண்டது. இப்போது அவை லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில், எஃப்.சி.ஓ. 141 என்ற வரிசையில் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. இலங்கைக் கோப்புகளும் அதே வரிசையில் உள்ளன. பிரிட்டிஷ் அரசு இத்தொகுதிக்கு இட்ட ‘Migrated Archives’ (இடம்பெயர்ந்த ஆவணங்கள்) என்ற பெயரோ, கோப்புகள் தாமே நகர்ந்துவிட்டன என்பது போல ஒலிக்கிறது.

ஆகவே ‘இடம்பெயர்த்த ஆவணங்கள்’ என்பதை முன்மொழிகிறேன். ‘பெயர்ந்த’ தன்வினை, ‘பெயர்த்த’ பிறவினை. ஓர் எழுத்து மாறியதும் ‘பெயர்த்தவர் யார்?’ என்ற கேள்வி தானே எழுந்துவிடுகிறது. ‘கவர்ந்த ஆவணங்கள்’ என்ற மாற்றுக் கருத்தின் நியாயத்தை உணர்கிறேன். ஆனால் பொதுச்சொல் எல்லா நேர்வுகளுக்கும் பொருந்த வேண்டும். அல்ஜீரியாவிலிருந்து ‘இறையாண்மை ஆவணங்கள்’ என்று வகைப்படுத்திப் பிரான்ஸ் கொண்டுபோனவை எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் இருக்கின்றன. அல்ஜீரியா அவற்றைத் தொடர்ந்து கோரி வருகிறது. அதற்குக் ‘கவர்ந்த’ பொருந்தலாம். 2012இல் ஆயுதக் குழுக்களின் பிடியிலிருந்த மாலி நாட்டின் திம்புக்து நகரிலிருந்து, ஊர்க்காரர்களே சுவடிகளை டிரங்குப் பெட்டிகளில் அடைத்து, மறைவாகத் தலைநகர் பமாக்கோவுக்குக் கொண்டுசேர்த்துக் காப்பாற்றினார்கள். அவர்களின் செயலை அப்படி அழைப்பது பெரும் அநீதி.

‘இடம்பெயர்ந்த’, ‘இடம்பெயர்த்த’ என்ற இரு சொற்களும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதால் தேடலில் குழப்பம் நேரும் என்ற தடை வலுவானதே. எனவே பொருட்தலைப்பாக (பட்டியலில் ஒரு பொருளைத் தேட உதவும் தலைப்பாக) ‘இடம்பெயர்த்த ஆவணங்கள்’ என்பதை வைத்துக்கொண்டு, பிரிட்டிஷ் தொகுதியின் அதிகாரப்பூர்வப் பெயரை மட்டும் ‘இடம்பெயர்ந்த ஆவணங்கள்’ என மேற்கோள் குறிக்குள் தந்து, அதன்கீழ் ‘காண்க’ குறிப்பால் பொருட்தலைப்புக்கு இணைக்கலாம். விடுதலைக்கு முன்பே அதிகாரிகள் எரித்தழித்த கோப்புகளை இத்தலைப்பில் சேர்க்கக் கூடாது. அவற்றுக்குத் தனிச்சொல் தேவை.