மகனுக்கு 21 வயதாகிறது: பிறந்தநாளை எப்படிக் கொண்டாடுவது?

புக்கிட் பாஞ்சாங் அம்மா கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு அடுத்த மாதம் 21 வயது நிறைகிறது. அவனுக்கு ஆட்டிசமும் அறிவுவளர்ச்சிக் குறைபாடும் உண்டு. பேச்சு மிகக் குறைவு. வேண்டியதைப் படத்தைத் தொட்டோ நம் கையைப் பிடித்து இழுத்துச் சென்றோ தெரிவிப்பான். சிறப்புப் பள்ளியை 18 வயதில் முடித்தவன், இப்போது வாரத்தில் ஐந்து நாள் பகல்நேர நடவடிக்கை நிலையத்துக்குச் சென்று வருகிறான்.

சிங்கப்பூரில் 21ஆம் பிறந்தநாள் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இவனைவிட மூன்று மாதம் மூத்தவனான என் அண்ணன் மகன், தேசியச் சேவையை முடித்த கையோடு பாசிர் ரிஸில் சாலே (கடற்கரையோர விடுமுறை இல்லம்) எடுத்து, வளர்ந்தவனாகிவிட்டதன் அடையாளமாக அட்டையில் செய்த பெரிய சாவியை ஏந்திப் படமெடுத்துக்கொண்டான். அதைப் பார்த்த நாள்முதல் என் மாமியார், "என் பேரனுக்கு மட்டும் என்ன குறை, அவனுக்கும் ஊரைக் கூட்டித்தான் செய்ய வேண்டும்" என்று சொல்லி வருகிறார். சமூக மன்றத்தில் அறை எடுத்து எண்பது பேரை அழைக்க வேண்டுமாம். அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் அவனுடைய 19ஆம் பிறந்தநாளில் முப்பது பேர் ஒரே நேரத்தில் கைதட்டிப் பாடத் தொடங்கியதும், அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு கழிவறைக்குள் ஓடித் தாழிட்டுக்கொண்டான். வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் கேக்கை அவன் இல்லாமலேயே வெட்டிவிட்டார்கள். அந்தப் படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. அழிக்கவும் மனம் வரவில்லை, பார்க்கவும் மனம் வரவில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. அவனுக்கு உலகத்தில் பிடித்தது ரயில் ஒன்றுதான். ரயில் வடிவில் கேக் செய்தால், "21 வயது ஆண்பிள்ளைக்கு இதையா வெட்டுவது?" என்று உறவினர்கள் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கே அந்தத் தயக்கம் இருக்கிறது. வளர்ந்த ஒருவனைக் குழந்தையாகவே வைத்திருக்கிறோமோ என்று தோன்றுகிறது. உங்கள் வீடுகளில் என்ன செய்தீர்கள்?

ஜூரோங் அப்பா:

அம்மா, என் மகளுக்கு வயது 34, டவுன் சின்ட்ரோம் உள்ளவள். உங்கள் மகனுக்கு நேர் எதிர்: கூட்டம் என்றால் அவளுக்கு உயிர், மெழுகுவத்தியை ஒருமுறை ஊதி அணைத்தால் போதாது, மூன்று முறையாவது மீண்டும் ஏற்ற வேண்டும். ஆகவே, இத்தகைய பிள்ளைகளுக்கு அமைதியான விழாதான் நல்லது என்று பொதுவாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நாங்கள் செய்த தவறு வேறு. அவளுடைய 21ஆம் பிறந்தநாளுக்கு அறுபது பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அவளுடைய நண்பர் இல்லை; அத்தனை பேரும் எங்கள் நண்பர்கள், எங்கள் சொந்தங்கள், என்னோடு வேலை செய்தவர்கள். பள்ளியில் படித்தவரை வகுப்புத் தோழர்களோடு ஆண்டுதோறும் கேக் வெட்டினாள். பள்ளி முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசைக்குப் போனார்கள். யாருடைய பெற்றோரின் தொலைபேசி எண்ணையும் நாங்கள் வாங்கி வைத்திருக்கவில்லை. அந்தப் பிறந்தநாள் இரவு அவள் அறைக்குச் சென்றபோது, பழைய வகுப்புப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறு ஆண்டிலிருந்து அவளோடு வேலை செய்யும் நால்வரைப் பெற்றோருடன் வீட்டுக்கு அழைக்கிறோம். அழைப்பதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசி, உணவைப் பற்றிக் கேட்டுக்கொள்வோம். ஒருவருக்கு விழுங்குவதில் சிரமம் உண்டு. முறுக்கும் கடலையும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. இன்னொருவருக்கு பிராடர் வில்லி சின்ட்ரோம். அந்த நிலை உள்ளவர்களுக்கு வயிறு நிறைந்தது என்ற உணர்வே எழாது, பசி விடாமல் துரத்தும். மேசை நிறையப் பலகாரம் பரப்பி வைத்து, "வேண்டியதை எடுத்துக்கொள்" என்று சொல்வது அவருக்கு விருந்தல்ல, வதை. எனவே எல்லாருக்கும் தட்டில் அளவாகப் பரிமாறி, மீதியைச் சமையலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுவோம். தனியாக அவருக்கு மட்டும் இப்படிச் செய்தால் அவர் மனம் நோகும் என்பதால், வந்தவர்கள் அனைவருக்கும் அதே முறைதான். பலூன் கிடையாது, ஒன்று வெடித்தால் ஒருவர் அழுவார், அவரைப் பார்த்து மற்றவரும் அழுவார். (எங்கள் வீட்டில் முதலில் அழுதது நான்தான் என்று மனைவி சொல்வதை நம்ப வேண்டாம்.)

உங்கள் மகன் செல்லும் நிலையத்தில், அவன் யார் பக்கத்தில் போய் உட்காருகிறான் என்று பணியாளர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:

சகோதரி, சிறப்புப் பள்ளியில் 26 ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் ரயிலைப் பற்றிச் சொல்கிறேன். புதிய ரயில் வண்டி ஓடத் தொடங்கும் நாளில், கழுத்தில் கேமராவுடன் நிலைய மேடையில் காத்திருக்கும் பெரிய ஆண்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களை யாரும் குழந்தை என்று சொல்வதில்லை. விருப்பம் என்பதற்கு வயது கிடையாது. கண்ணும் வாயும் வரைந்த கேலிச்சித்திர ரயிலை விட்டுவிட்டு, அவன் உண்மையில் ஏறும் ரயிலின் படத்தைக் கேக்கின்மேல் வைத்துவிடுங்கள், முடிந்தது.

வளர்ந்தவனாக நடத்துவது என்பது அவனைத் தேர்ந்தெடுக்க விடுவதில்தான் இருக்கிறது. "உனக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்வி அவனுக்கு மிகப் பெரியது. இரண்டு படங்களைக் காட்டுங்கள்: வீட்டில் கேக் அல்லது ரயில் பயணம், பாட்டி வீடு அல்லது கடற்கரை. ஒருமுறை கேட்டதோடு முடிவுசெய்துவிடாதீர்கள். மூன்று வெவ்வேறு நாள்களில், படங்களை இடம்வலமாக மாற்றி வைத்துக் கேளுங்கள், ஏனென்றால் சிலர் வலக்கைப் பக்கம் இருப்பதையே எப்போதும் எடுப்பார்கள். அதை விருப்பம் என்று நாம் தவறாக எண்ணிக்கொள்வோம். இரண்டையும் தள்ளிவிட்டால், அதுவும் பதில்தான்.

முடிவானதும், அந்த நாளில் நடக்கப்போவதை வரிசையாகப் படங்களாக ஒட்டி, ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே தினமும் அவனோடு பாருங்கள். கடைசிப் படம் "வீட்டுக்குப் போகிறோம்" என்பதாக இருக்கட்டும். எப்போது முடியும் என்று தெரியாததுதான் பலருக்குப் பெரும் பயம். திடீர் விருந்து வைத்து அதிர்ச்சி தருவது கூடவே கூடாது. பாட்டு வேண்டுமென்றால் ஒருவர் மெல்லப் பாடட்டும். கைதட்டுவதற்குப் பதில், காதுகேளாதோர் செய்வதுபோல் இரு கைகளையும் உயர்த்தி அசைக்கலாம்.

ஒரு தம்பியின் அக்கா:

ஆசிரியை அம்மா சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். என் தம்பிக்கும் கூட்டம் ஒத்துவராது என்பதால் எங்கள் பெற்றோர் அவன் பிறந்தநாளை வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொண்டார்கள். பத்து ஆண்டுகளில் உறவினர்களுக்கு அவனோடு எப்படிப் பழகுவது என்பதே மறந்துபோயிற்று. ஒரு திருமணத்தில் அவன் என் அருகில் நின்றுகொண்டிருக்க, "அவன் சாப்பிட்டானா?" என்று என்னிடம் கேட்டார்கள். பெற்றோருக்குப் பிறகு அவனுக்கு நான் மட்டும்தான் என்ற எண்ணம் அன்று கனத்தது.

ஆகவே உங்கள் மாமியாரை ஒதுக்கிவிடாதீர்கள். எண்பது பேர் ஒரே நாளில் வர வேண்டாம், இரண்டு மூன்று பேராக அந்த மாதம் முழுவதும் வந்து போகட்டும். அவனுடைய நட்சத்திரம் வரும் நாளில் பாட்டியும் பேரனும் சேர்ந்து கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்யட்டும். வேலைநாள் காலையில், மேளம் ஒலிக்கும் பூசை நேரத்தைத் தவிர்த்துச் சென்றால், சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோவிலில்கூட நிம்மதியாக நிற்கலாம்.

ஜூரோங் அப்பா:

மன்னிக்கவும், ஒன்றை எழுத மறந்துவிட்டேன். 21 வயதானபின், பெற்றோர் என்ற ஒரே காரணத்தால் மகனின் வங்கிக் கணக்கிலோ மருத்துவத்திலோ அவன் சார்பில் முடிவெடுக்கும் சட்ட அதிகாரம் நமக்குக் கிடையாது. மனத்திறன் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, அவன் சார்பில் முடிவெடுக்கும் 'டெப்யூட்டி'யாக நியமனம் பெற வேண்டும். நான் தள்ளிப்போட்டு அவதிப்பட்டவன். சிறப்புத் தேவையுடையோருக்கான அறக்கட்டளை நிறுவனம் ஒன்று 2008 முதல் இங்கே இயங்குகிறது. நமக்குப் பின்னான செலவுகளைப் பற்றி அங்கும் பேசிப் பாருங்கள். ஆசிரியை சொன்ன படத் தேர்வைப் படித்தபோது நினைவுக்கு வந்தது: அதே மனத்திறன் சட்டம், ஒருவரால் முடிவெடுக்க இயலாது என்று தீர்மானிக்கும் முன், அவரே முடிவெடுப்பதற்கு இயன்ற உதவி அனைத்தையும் செய்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

புக்கிட் பாஞ்சாங் அம்மா, ஐந்து வாரங்களுக்குப் பிறகு:

எல்லாருக்கும் நன்றி. பிறந்தநாள் நேற்று நடந்தது. மூன்று முறையும் அவன் எடுத்தது எங்கள் வட்டார இலகு ரயிலின் படத்தைத்தான். கேக் படங்கள் இரண்டையும் தள்ளிவிட்டு, சமையலறையிலிருந்து இடியாப்பத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். எனவே காலையில் இடியாப்பம், தேங்காய்ப்பூ, சர்க்கரை. மெழுகுவத்தி இல்லை.

நிலையத்தில் அவன் பக்கத்தில் உட்காரும் பையன் ஒருவன் இருக்கிறான் என்பதே கேட்டபிறகுதான் தெரிந்தது. அவனும் அவன் தாயும் வந்தார்கள். இந்த ரயில் 1999 முதல் ஓடுகிறது. குடியிருப்புப் புளோக்குகளை ஒட்டிச் செல்லும்போது, வீடுகளுக்குள் பார்க்க முடியாதபடி அதன் சன்னல் கண்ணாடி தானாகவே மங்கிவிடும். கண்ணாடி மங்கப்போகும் இடம் ஒவ்வொன்றும் என் மகனுக்கு மனப்பாடம். அதற்கு ஒரு நொடி முன்பே விரலால் தட்டுவான். நான்கு சுற்று சுற்றினோம். அந்தப் பையன் சன்னலைப் பார்க்கவே இல்லை, கதவு திறந்து மூடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் இறங்கும்போது ஒருவர் பையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

மாமியார் இரண்டு சுற்றுவரை எங்களோடு இருந்து, முழங்கால் வலிக்கிறது என்று இறங்கிவிட்டார். அர்ச்சனைக்கு அடுத்த புதன்கிழமை போகிறார்கள். எண்பது பேர் கொண்ட பட்டியலை அவர் இன்னும் கிழித்துப் போடவில்லை. டெப்யூட்டி விண்ணப்பத்துக்கு எந்த மருத்துவரிடம் மதிப்பீடு பெற்றீர்கள் என்று ஜூரோங் அப்பா தனிச்செய்தியில் சொன்னால் உதவியாக இருக்கும்.