நாகர்கோவில் - கன்னியாகுமரி - முட்டம் - குளச்சல் - தக்கலை: ஒரு நாள் சைக்கிள் சுற்று, எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

மதுரைமிதி

வணக்கம். ஜனவரியில் மூன்று பேர் ரோடு பைக்கில் குமரி மாவட்டத்தைச் சுற்ற நினைக்கிறோம். பாதி கடலோரம், பாதி வயலும் தோப்பும். வரைபடத்தில் போட்டால் நாகர்கோவிலில் கிளம்பித் திரும்ப 95 முதல் 100 கி.மீ. வருகிறது. சமவெளியில் 100 கி.மீ. எங்களுக்குப் பழக்கம்தான். டயர் 25 மி.மீ., பல்சக்கரம் முன்னால் 50/34 பல், பின்னால் 11-28 பல்.

கேள்விகள்: (1) முதலில் கன்னியாகுமரியா, தக்கலையா? (2) மணக்குடியிலிருந்து முட்டம் வரை சாலை எப்படி? (3) வட்டக்கோட்டையையும் மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் அதே நாளில் சேர்க்க முடியுமா? (4) சைக்கிளை ரயிலில் எப்படிக் கொண்டு வருவது?

நாஞ்சில்சக்கரம்

ஜனவரி என்றால் கன்னியாகுமரிதான் முதலில். காரணம் காற்று. அந்த மாதத்தில் வாடை, வடகிழக்கிலிருந்து அடிக்கும். கன்னியாகுமரியிலிருந்து குளச்சல் வரை நீங்கள் மேற்கே போவதால் காற்று முதுகைத் தள்ளும். தக்கலையிலிருந்து கிழக்கே திரும்பும்போது எதிர்க்காற்றுதான், ஆனால் அங்கே தென்னையும் வீடுகளும் மறைப்பதால் பாதிதான் உறைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கணக்கு தலைகீழ். ஆரல்வாய்மொழிக் கணவாயில் அத்தனை காற்றாலைகள் நிற்பது மேற்கிலிருந்து அடிக்கும் அந்த மேல்காற்றுக்காகத்தான். அந்த மாதங்களில் கடலோரத்தை மேற்கிலிருந்து கிழக்கே ஓட்டினால் பிழைத்தீர்கள்.

இன்னொரு வசதி: நாம் சாலையின் இடப்பக்கம் போகிறோம். மேற்கே போகும்போது கடல் இடப்பக்கம். நின்று பார்க்கவோ படம் எடுக்கவோ எதிர்த்திசை வண்டிகளுக்குக் குறுக்கே போக வேண்டியதில்லை. வெயிலும் காலையில் முதுகுப் பக்கமே இருக்கும்.

நேரம் இப்படிப் போடுங்கள். அதிகாலை 5 மணிக்கு நாகர்கோவில். சுசீந்திரம், வழுக்கம்பாறை, கொட்டாரம் வழியாகக் கன்னியாகுமரி சுமார் 20 கி.மீ., ஆறேகாலுக்குள் போய்விடலாம். ஜனவரியில் சூரியன் எழ ஆறரை தாண்டும். ஏழு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் முட்டம், பத்து, பத்தேகாலுக்குக் குளச்சல். பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று எழுந்து தெற்கிலிருந்து பக்கவாட்டில் அடிக்கும். அதற்குள் உள்நாட்டுப் பக்கம் திரும்பிவிடுவதுதான் இந்தத் திட்டத்தின் உயிர்.

வரைபடத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், வழி முழுக்கக் கடல் தெரியாது. பல இடங்களில் சாலை கரையிலிருந்து ஒன்றிரண்டு கி.மீ. உள்ளே போகும். மணக்குடிப் பாலத்தில் பழையாறு கடலில் சேரும் காயல், அலையாத்திச் செடிகள், பறவைகள். 2004 சுனாமியில் பழைய பாலம் போய்விட்டது, இப்போதிருப்பது பிறகு கட்டியது. தாண்டினால் புத்தளம் உப்பளம், அப்புறம் தென்னைக்குப் பேர்போன ஈத்தாமொழிப் பக்கம், ராஜாக்கமங்கலம், கணபதிபுரம், முட்டம். கடலைப் பார்க்க சொத்தவிளை, சங்குத்துறை என்று கிளைச்சாலைகளில் இறங்க வேண்டும். எல்லாவற்றிலும் இறங்கினால் நேரம் போய்விடும். ஒன்றுதான் முடியும் என்றால் முட்டம். பாறைமேடு, கலங்கரை விளக்கம், கீழே அலை. குமரிக் கரையில் அதற்கு இணை இல்லை என்பது என் கட்சி.

வட்டக்கோட்டை சேர்க்கலாம், போகவர 12 கி.மீ. அதிகம். மாத்தூர் வேண்டாம். 115 அடி உயரத்தில் நிற்கும் பாலத்தை அரைமணி நேரத்தில் பார்த்துவிட்டு ஓடுவது வீண். போகும் வழியும் ஏற்ற இறக்கம். திருவட்டாறு, பேச்சிப்பாறையோடு சேர்த்து இன்னொரு நாள் வையுங்கள்.

பஞ்சர்பெட்டி

இரண்டாம் கேள்விக்கு. தார்ச்சாலை பரவாயில்லை, தொல்லை ஊருக்குள்தான். மீனவ ஊர்களில் சிமென்ட் சாலை, பேவர் கல், வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை மாறி மாறி வரும். 25 மி.மீ. டயரில் 100 பிஎஸ்ஐ காற்றழுத்தம் ஏற்றி வந்தால் மணிக்கட்டு மரத்துப்போகும். பிரேமில் இடம் இருந்தால் 28 போடுங்கள். 70 கிலோ ஆளுக்குப் பின்னால் 75, முன்னால் 70 போதும். 25தான் என்றால் 85-90க்கு மேல் வேண்டாம். அதற்கும் கீழே இறக்கினால் வேகத்தடையில் ரிம் இடித்து ட்யூபில் பாம்புக்கடி மாதிரி இரட்டை ஓட்டை விழும்.

கடலோரத்தில் சறுக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, வளைவில் காற்று கொண்டுவந்து போட்ட மணல். மெல்லிய படலம்தான், தார் நிறத்தில் கண்ணுக்குப் படாது. அதன்மேல் பிரேக் பிடிக்காதீர்கள், முன்னாலேயே வேகம் குறைத்து வண்டியைச் சாய்க்காமல் திருப்புங்கள். இரண்டு, மீன் இறங்குதளத்தை ஒட்டிய சாலை. ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் கொழுப்பும் லாரியிலிருந்து ஒழுகி வழவழவென்று கிடக்கும். முட்டத்திலும் குளச்சலிலும் துறைமுகத் திருப்பத்தில் இதைப் பார்க்கலாம். மூன்று, சாலையில் காயப்போட்ட வலை. அது அவர்கள் பிழைப்பு. இறங்கித் தள்ளிக்கொண்டு சுற்றிப் போங்கள். நைலான் இழை டீரெய்லரில் (பின் கியரை மாற்றும் கருவி) சுற்றினால் அதைத் தாங்கும் ஹேங்கர் வளைந்துவிடும். உங்கள் பிரேமுக்கான உதிரி ஹேங்கர் அங்கே கடையில் கிடைக்காது, கையோடு கொண்டு வாருங்கள்.

ஆளுக்கு இரண்டு ட்யூப், ஒட்டுப்பெட்டி, டயர் கழற்றும் லீவர் மூன்று, கைப்பம்பு, மல்டிடூல், அறுந்த செயினைக் கோக்கும் க்விக்லிங்க் ஒன்று. டயர் கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயரில் வெட்டிய 5 செ.மீ. துண்டு. தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய கம்பிகள் நிறைய. ட்யூப் மாற்றுமுன் டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்துக் கம்பியை எடுக்காவிட்டால் அடுத்த ட்யூபும் பத்து நிமிஷத்தில் போகும். விரலில் குத்தும், துணி சுற்றித் தடவினால் துணி மாட்டிக் காட்டிக்கொடுக்கும்.

ஷூவைப் பெடலில் மாட்டும் க்ளீட் ரோடு வகை என்றால் முட்டம் பாறையில் நடக்க முடியாது, மணலும் அடைக்கும். மவுன்டன் பைக் க்ளீட் நல்லது.

வாடைக்காற்று

நாள் தேர்வை யாரும் சொல்லவில்லையே. ஜனவரி 20க்கு முன்னால் வராதீர்கள். அதுவரை சபரிமலை சீசன். ஐயப்ப பக்தர்களின் வேன்கள் சுசீந்திரம், கன்னியாகுமரி எங்கும் நிறையும், இரவெல்லாம் ஓட்டிவந்த டிரைவர்கள் விடியலில் தூக்கக் கலக்கத்தில் வருவார்கள். நீங்கள் சாலையில் இருக்கும் நேரமும் அதுதான். பொங்கல் கூட்டம் தனி. முன்விளக்கு 300 லூமனுக்குக் குறையாமலும், பின்விளக்கு பகலிலும் எரியும்படியும் வையுங்கள்.

ஞாயிறும் வேண்டாம். கடலோர ஊர்களில் காலைத் திருப்பலி முடிந்து ஊரே சாலைக்கு வரும், குழந்தைகளுக்கிடையில் நடைவேகம்தான் போகலாம். திங்கள் பத்மநாபபுரம் அரண்மனைக்கு விடுமுறை. சனிக்கிழமை பொருத்தம். மாசியில் மண்டைக்காட்டுக் கொடை பத்து நாள், மணவாளக்குறிச்சி - குளச்சல் சாலை நெரியும். அதையும் தவிர்க்கலாம்.

குளச்சலுக்குப் பிறகு திங்கள்நகர், தக்கலை சுமார் 13 கி.மீ. இங்கே நிலம் மாறும். செம்மண் மேடு, குட்டை குட்டையான ஏற்றங்கள், ஒவ்வொன்றும் சில நூறு மீட்டர்தான், ஆனால் விடாமல் வரும். சமவெளிக்காரர்கள் பெரிய சக்கரத்திலேயே அழுத்தி இங்கேதான் கால் பிடித்து நிற்பார்கள். 34-28 போதும், முதல் ஏற்றத்திலேயே சிறியதுக்கு மாற்றிவிடுங்கள்.

தக்கலையிலிருந்து 2 கி.மீ.யில் பத்மநாபபுரம். மதியம் உணவு இடைவேளைக்குப் பூட்டுவார்கள், பதினொன்றரைக்குள் போய்விடுங்கள். செருப்பு வெளியே, அதனால் சாக்ஸ் தேவை. மூன்று சைக்கிளையும் சேர்த்துக் கட்ட நீளமான கேபிள் பூட்டு ஒன்று போதும், கணினி மீட்டரையும் விளக்கையும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சியில் நெடுஞ்சாலையை ஒட்டியே உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான, டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டிலனாயின் கல்லறை உள்ளே இருக்கிறது. காலையில் குளச்சலைப் பார்த்துவிட்டு வருபவர்கள் இதை விடக்கூடாது.

மதுரைமிதி

ரொம்ப நன்றி. ஜனவரி கடைசிச் சனிக்கிழமை, 28 மி.மீ. டயர், மாத்தூர் கிடையாது என்று முடிவு. தக்கலையிலிருந்து நெடுஞ்சாலையில் வராமல் உள்வழி உண்டா? சாப்பாடு, தண்ணீர், ரயில் பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

நாஞ்சில்சக்கரம்

உண்டு. உதயகிரி பார்த்துவிட்டு வில்லுக்குறி வரை நெடுஞ்சாலைதான், கேரளத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றும் கனரக லாரிகள் ஓடும் சாலை. வரிசையாக, ஓரமாகப் போங்கள், இரண்டு பேர் இணையாக வேண்டாம். வில்லுக்குறி தாண்டியதும் தெற்கே ஆளூர்ப் பக்கம் இறங்கும் சிறுசாலைகளில் வாழையும் குளமுமாக நாகர்கோவில் வரலாம். கூகுளில் கார் வழி கேட்டால் நெடுஞ்சாலையைத்தான் காட்டும். இருசக்கர வாகன வழி கேளுங்கள், அல்லது வழி வரையும் செயலியான ரைட் வித் ஜிபிஎஸ்ஸில் நீங்களே புள்ளி வைத்து வரையுங்கள். கடலோரத்தில் மணக்குடிப் பாலத்தின்மேல் ஒரு புள்ளி கட்டாயம். இல்லாவிட்டால் கணக்குப்போடும் செயலி சுசீந்திரம் வரை திருப்பிவிடும். கோடு முடிந்ததும் செயற்கைக்கோள் படத்தில் ஒருமுறை பாருங்கள். கரையை ஒட்டிய சில துண்டுகள் மணல்தடம்.

தண்ணீர் மணிக்கு 600-750 மி.லி., ஆளுக்கு இரண்டு பாட்டில். ஓஆர்எஸ் பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை பாட்டிலில் கொட்டினால் வயிறு கலங்கும். கன்னியாகுமரியில் காலை ஆறரைக்கே இட்லி கிடைக்கும். அங்கேயே சாப்பிடுங்கள், அடுத்து உறுதியான இடம் குளச்சல். இடையில் பெட்டிக்கடை மட்டிப்பழம் இரண்டு இரண்டாக உள்ளே தள்ளினால் போதும். மூன்று கடியில் முடியும் சின்னப் பழம், சட்டைப் பையில் நசுங்காது.

கடலில் கால் நனைக்க ஆசை இருந்தால் முந்தின நாள் இன்காய்ஸ் (கடல் நிலையை முன்னறிவிக்கும் மத்திய அரசு மையம்) எச்சரிக்கையைப் பாருங்கள். 'கள்ளக்கடல்' (முன்னறிகுறி இல்லாமல் கரையேறும் பேரலை) என்று போட்டிருந்தால் வானம் தெளிவாக இருந்தாலும் இறங்காதீர்கள்.

பஞ்சர்பெட்டி

ரயில்: பார்சல் ஆபீசில் பதிவு செய்து அனுப்பினால் கன்னியாகுமரி வரை போடுங்கள். கடைசி நிலையம் என்பதால் வண்டி நின்றே இருக்கும், நிதானமாக இறக்குவார்கள். நாகர்கோவிலில் சில நிமிஷம்தான் நிற்கும், இறக்காமல் போய்விட்டால் அன்றைய திட்டமே போச்சு. சுற்றையும் கன்னியாகுமரியிலேயே தொடங்கி முடிக்கலாம், கடலோரப் பகுதி இன்னும் சீக்கிரமாகவே வரும். பெடலைக் கழற்றி (இடப்பக்கப் பெடலுக்கு மரை தலைகீழ்), ஹேண்டில்பாரை டாப் ட்யூப்போடு இணையாகத் திருப்பி, டீரெய்லரைப் பின்னால் பெரிய பல்சக்கரத்தில் வைத்து அட்டை கட்டுங்கள். அந்த நிலையில் அது உள்பக்கமாக ஒதுங்கி நிற்கும். பெயர், போன் எண் எழுதிய அட்டை இரண்டு, ஒன்று பிரேமில், ஒன்று சக்கரத்தில்.

ஊர் திரும்பியதும் அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு ஒரே இரவில் செயினில் துரு பூக்க வைக்கும். குழாயின் வேகத்தைச் சக்கர ஹப்பிலும் பாட்டம் பிராக்கெட்டிலும் (பெடல் கை சுழலும் அச்சு) நேராகக் காட்ட வேண்டாம், கிரீஸ் போய்விடும். துடைத்து, காய்ந்தபின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பத்து நிமிஷம் கழித்து வெளிப்புறத்தை மட்டும் துணியால் ஒற்றி எடுங்கள். சீட் போஸ்டை உருவிப் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது பூசுவதையும் அந்த வாரத்துக்குள் செய்துவிடுங்கள்.