ஒரே போன் உள்ள வீட்டில், ஆன்லைன் பாதுகாப்பு பற்றிப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருவது? உங்கள் அனுபவங்கள்

மாலை வகுப்பு நடத்துபவர், ஆத்தங்குடிப் பக்கம்:

கல் பட்டறைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள்தான் என் வகுப்பில் அதிகம். எங்களுக்குக் கொடுத்த பயிற்சித் தாளில், "பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்குங்கள், பெற்றோர் கட்டுப்பாட்டை ஆன் செய்யுங்கள்" என்று இருந்தது. இங்கே வீட்டுக்கு ஒரு போன். பகலில் அது அப்பத்தா பொறுப்பில். அவருக்குத் தெரிந்தது பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும். லாக் போடுவதே பேரன்தான். யார் யாரைக் கட்டுப்படுத்துவது?

தாளை ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளைகளிடமே கேட்டேன்: தெரியாத ஆள் முதலில் என்ன பேசுவான்? படபடவென்று வந்தது பதில். ஃப்ரீ ஃபயர் கேமில் டைமண்ட் தருகிறேன் என்பான். அப்புறம் வாட்ஸப் நம்பர். அப்புறம் "வீட்ல யாரு இருக்கா?" அப்புறம் ஒரு போட்டோ. கூடவே "அம்மாகிட்ட சொல்லிராத". எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வரிசை மாறாமல் ஒப்பித்தான். விவரமெல்லாம் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

"அப்பறம் ஏன்டா யாருகிட்டயும் சொல்றதில்ல?"

"சொன்னா போனப் புடுங்கிருவாங்கக்கா."

"என்னையப் படிப்ப விட்டு நிறுத்திருவாங்க" என்றாள் பின்னால் இருந்தவள்.

அதன்பின் பிள்ளைகளைவிட அம்மா, அப்பத்தாக்களிடம்தான் அதிகம் பேசுகிறேன், 100 நாள் வேலை நடக்கும் இடத்துக்கே போய். பிள்ளை வந்து சொன்னால் கையை ஓங்காதீர்கள், "சொன்னது நல்லதாப் போச்சு" என்று ஆரம்பியுங்கள். மெசேஜை அழிக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். ஒரு அப்பத்தா இதைக் கேட்டுவிட்டு, "அடிக்கவும் கூடாது, அழிக்கவும் கூடாது. அப்ப நான் எதுக்குத்தான் இருக்கேன்?" என்றார். ஆனாலும் அடுப்படிச் சுவரில் கரியால் 1098 எழுதியிருக்கிறார்.

ஒரு தாய், புதுவயல்:

நான் சொல்லச் சொல்ல எம் மகதான் டைப் பண்றா. அரிசி மில்லுல வேலை எனக்கு. இவ படத்த எடுத்து அசிங்கமா மாத்தி, காசு போடு, இல்லாட்டி ஊருக்கே அனுப்பிருவேன்னு ஒருத்தன் மெரட்டுனான். எங்க வீட்டுக்காரரு மலேசியாவுல. காசக் குடுத்துத் தொலைச்சிருவோம்னாரு. பக்கத்து வீட்டு டீச்சரம்மாதான், ஒருக்கா குடுத்தா விடமாட்டான்னு தடுத்துச்சு. புகார் குடுத்தோம். ஜீப்பு வாசல்ல நிக்குமேன்னு எனக்கு ஈரக்கொல நடுங்குச்சு. வந்தது ஒரு போலீஸ் அம்மா, சேலை கட்டி. தெருவுல எல்லாரும் சொந்தக்காரங்கன்னு நெனச்சுக்கிட்டாக. காப்பி போட்டுக் குடுத்தேன்.

வழக்கறிஞர், காரைக்குடி:

அம்மா, அது அவர்கள் காட்டிய சலுகை இல்லை, சட்டமே அப்படித்தான். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 24-ஆவது பிரிவுப்படி, பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். அதிகாரி சீருடையில் வரக்கூடாது. முடிந்தவரை பெண் எஸ்.ஐ. அல்லது அதற்கு மேல் உள்ளவர். நிஜப் படமோ, ஒட்டுவேலையோ, வெளியிடுவேன் என்று பாலியல் நோக்கத்தோடு மிரட்டுவதே 11-ஆவது பிரிவில் குற்றம்.

இன்னொன்று. "ஊர்ப் பெரியவங்கள வச்சுப் பேசி முடிச்சுக்குவோம்" என்பதை நம் பக்கம் அடிக்கடி கேட்கிறேன், எரிச்சலாக வருகிறது. தெரிந்தும் புகார் செய்யாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930. படம் பரவிவிடும் என்ற பயம் இருந்தால் 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கு மட்டும். படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். போனிலேயே அதற்கு ஓர் எண் அடையாளம் உருவாகும், அதை வைத்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்றவை தடுக்கும்.

மொபைல் கடைக்காரர், தேவகோட்டை:

டைமண்ட் போட வரும் பொடியன்களிடம் "காசு யாருடா குடுத்தா?" என்று கேட்பேன். "ஒரு அண்ணன்" என்பான், எந்த ஊர் அண்ணன் என்று தெரியாது. நீங்கள் சொன்ன நம்பர்களைப் பெரிய எழுத்தில் தமிழில் அடித்து யாராவது அனுப்புங்கள். கவுண்டரில், பொடியன்கள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டுகிறேன்.