கழிவுக் குளத்துக் காற்றும் வாயுச் சோதனைப் பெட்டியும்: உங்கள் அனுபவம் என்ன?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் பக்கம் செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குளத்திலிருந்து காற்று திரும்பினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற கந்தக வாயு. ஆலையின் கன்ட்ரோல் பேனலில் ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) சீக்கிரமே செத்துப்போவதற்கு அதுதான் முக்கியக் காரணம் என்பேன். ஆனால் பொருளை விற்பவர்கள் காட்டுவது சால்ட் ஸ்பிரே சான்றிதழ். 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரியில் தெளித்துப் பார்ப்பது. பெயின்ட் அடித்த இரும்புக்கு அது சரி. ரிலே கான்டாக்ட்டில், அதாவது மின்சாரம் பாயும் தொடுமுனையில், உள்ள வெள்ளியைக் கறுக்க வைக்கும் கந்தகத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

நான் கூலிமில் ஒரு சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே இருப்பது கலப்பு வாயுப் பெட்டி. ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) வகுத்த 60068-2-60 தரத்தின் நான்காம் முறையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, குளோரின், சல்ஃபர் டை ஆக்சைடு நான்கும் சேர்ந்து ஓடும். 25 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம். ஹைட்ரஜன் சல்ஃபைடு எவ்வளவு தெரியுமா? காற்றின் நூறு கோடிப் பங்கில் வெறும் 10 பங்கு! அவ்வளவு குறைவாக இருப்பதால்தான் வேலை கடினம். உள்ளே வைத்த உலோகமும் பெட்டிச் சுவரும் வாயுவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் ஒருமுறை நிரப்பி மூடிவிட முடியாது, புதுக் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மீட்டரை மட்டும் நம்பாமல் கூடவே செம்புத் தகடுகளையும் தொங்கவிட்டு, வாயு எவ்வளவு அரித்தது என்று அறிய, கடைசியில் அவற்றின் எடை எவ்வளவு கூடியது என்று பார்ப்போம். எனக்கு அந்தத் தகடுகள் மேல்தான் அதிக நம்பிக்கை.

தங்க முலாம் பூசிய கனெக்டர்களை வெளியே எடுக்கும்போதுதான் விஷயம் புரியும். முலாமில் கண்ணுக்குத் தெரியாத துளை இருந்தால், அடியிலுள்ள செம்பு அதன் வழியே கறுப்பாகக் கசிந்து தங்கத்தின் மேல் படர்ந்திருக்கும். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

ஆலை வயர்மேன்: அண்ணே, எங்கள் குளத்துப் பக்கத்து பம்ப் பேனலிலும் இதே கதைதான். கான்டாக்ட்டைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டுகிறோம். புதுசு வாங்கும்போது என்ன கேட்கணும்?

பதிவிட்டவர்: தம்பி, வாயுச் சோதனை அறிக்கை கேளுங்கள். எந்த முறை, சோதனை ஓடியது 4 நாளா 21 நாளா, சோதனைக்கு முன்னும் பின்னும் கான்டாக்ட் மின்தடை எவ்வளவு, இந்த மூன்றும் அதில் இருக்கணும். அதுவரை பேனல் கதவு ரப்பரையும் கேபிள் நுழையும் துளைகளையும் நன்றாக அடைத்து வையுங்கள்.