5 நாளில் பிளாட்டினமாம்! 4:44 ஆல்பத்தை யார் வாங்கினார்கள்?

பழையகேசட்:
பக்கத்து இழையில் ஒரு மகான் எழுதியிருக்கிறார்: "ஜே-ஸியின் 4:44 ஐந்தே நாளில் பிளாட்டினம். 47 வயதில் வேறு எந்த ராப்பரால் முடியும்?" அதற்குக் கைதட்ட ஒரு கூட்டம். அங்கே பதில் போட்டால் தூக்கிவிடுகிறார்கள், அதனால் இங்கே கேட்கிறேன். 2017 ஜூன் 30 அன்று ஆல்பம் வந்தது, ஜே-ஸிக்குப் பங்கிருந்த பாட்டு ஸ்ட்ரீமிங் சேவையான டைடலிலும் ஸ்பிரிண்ட் வாடிக்கையாளர்களுக்கும் மட்டும். ஜூலை 5 அன்று பிளாட்டினம், அதாவது பத்து லட்சம் விற்றதற்கான சான்றிதழ். பத்து லட்சம் பிரதிகளை வாங்கியது யார்? ஸ்பிரிண்ட் என்ற செல்போன் நிறுவனம். டைடலில் 33 சதவீதப் பங்கு வாங்கியிருந்த அதே ஸ்பிரிண்ட்!

தாளக்காரன்:
அந்த மகான் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாமே, என்ன கூச்சம்? சான்றிதழ் கொடுத்தது அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ. உங்கள் சம்மதம் அதற்குத் தேவையில்லை.

பழையகேசட்:
சான்றிதழ் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. வாங்கியது யார் என்றுதான் கேட்டேன்.

தாளக்காரன்:
காசு கைமாறியதா இல்லையா? கைமாறினால் விற்பனை. அவ்வளவுதான்.

பழையகேசட்:
ஆயிரம் அழைப்பிதழ் அச்சடித்தால் ஆயிரம் பேர் வந்ததாகக் கணக்கு எழுதுவீர்கள் போல. ஸ்பிரிண்ட் மொத்தமாக எடுத்து வாடிக்கையாளர்களுக்குச் சும்மா கொடுத்தது. சும்மா கிடைத்ததை எத்தனை பேர் முழுதாகக் கேட்டார்கள்? இது முதல் தடவையும் இல்லை. 2013ல் ஜே-ஸியின் மேக்னா கார்ட்டா ஹோலி கிரெயில் ஆல்பம் வந்தபோது சாம்சங் பத்து லட்சம் பிரதி வாங்கியது. டிஜிட்டல் ஆல்பத்துக்குச் சான்று தர 30 நாள் காத்திருக்க வேண்டும் என்ற விதியை ஆர்ஐஏஏ அந்தச் சமயத்தில்தான் நீக்கியது. என்ன ஒரு பொருத்தம்! பாட்டுத் தரவரிசை வெளியிடும் பில்போர்டு பத்திரிகை மட்டும் அந்தப் பத்து லட்சத்தை எண்ண மாட்டேன் என்று நின்றது.

நள்ளிரவு ரேடியோ:
அண்ணன்மாரே, ஒரு நிமிடம். ஆல்பத்தைப் பற்றி யாராவது பேசுவீர்களா? பத்துப் பாட்டு, 36 நிமிடம், எல்லாமே நோ ஐ.டி. என்ற இசைத் தயாரிப்பாளர் செய்தது. 'தி ஸ்டோரி ஆஃப் ஓ.ஜே.'யில் பழைய பாடகி நீனா சிமோன் குரலை வெட்டி ஒட்டியிருக்கும் விதம் ஒன்று போதுமே. தலைப்புப் பாட்டில் மனைவிக்குச் செய்த துரோகத்தை ஒளிக்காமல் சொல்கிறார். 'ஸ்மைல்' பாட்டில் அம்மா குளோரியா கார்ட்டரே வந்து பேசுகிறார். இதையெல்லாம் விட்டுவிட்டு செல்போன் கம்பெனி ரசீதை வைத்துக்கொண்டு...

பழையகேசட்:
தங்கச்சி, பாட்டு நன்றாக இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? அவருடைய முதல் ஆல்பம் ரீசனபிள் டவுட் 1996ல் வந்தபோதே கேட்டவன் நான். எனக்கு ஜே-ஸி பாடம் எடுக்க வேண்டாம். பிளாட்டினம் என்ற பீற்றல்தான் எரிச்சல்.

தாளக்காரன்:
1996 புராணம் ஆரம்பித்துவிட்டது. எல்லா இழையிலும் இதே கேசட்தான் ஓடுகிறது.

குயின்ஸ்பிரிட்ஜ்:
முதிர்ந்த வயதில் ராப் என்றால் நாஸ். தயாரிப்பாளர் ஹிட்-பாயுடன் 2020க்கும் 2023க்கும் நடுவில் ஆறு ஆல்பம். அதில் கிங்ஸ் டிசீஸுக்கு 2021ல் கிராமி. 4:44க்கு எட்டுப் பரிந்துரை, கையில் வந்தது பூஜ்யம். நான் கிளம்புகிறேன்.

தாளக்காரன்:
நாஸ் ரசிகர்களுக்கு அழைப்பே தேவையில்லை. ஆறு ஆல்பத்தில் எத்தனை பாட்டு ஞாபகம் இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம். 4:44 போட்டியிட்ட வருடம் சிறந்த ராப் ஆல்பம் விருது ராப்பர் கென்ட்ரிக் லாமாரின் டேம் ஆல்பத்துக்குப் போனது. அதனிடம் தோற்றதில் என்ன அவமானம்?

குயின்ஸ்பிரிட்ஜ்:
கிங்ஸ் டிசீஸ் 2ல் லாரின் ஹில் பாடிய 'நோபடி' ஒன்று போதும். கேட்காமலே பேசுவது உங்கள் பழக்கம். போன மாதம் எமினெம் இழையிலும் இதைத்தான் செய்தீர்கள்.

தாளக்காரன்:
எமினெம் இழையில் என் பதிவைப் புகார் செய்து நீக்க வைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

பழையகேசட்:
தலைப்பை மாற்றாதீர்கள். ஸ்பிரிண்ட்!

தாளக்காரன்:
சரி ஐயா, இதற்குப் பதில் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து மற்ற தளங்களுக்கு ஆல்பம் வந்ததும் பில்போர்டு 200ல் நேராக முதலிடம். 2,62,000 யூனிட். இதையும் ஸ்பிரிண்ட் வாங்கியதா?

பழையகேசட்:
நீங்களே சொல்லிவிட்டீர்கள்! நிஜமான ஆட்கள் வாங்கியும் கேட்டும் வந்த எண் 2,62,000. பிளாட்டினத்துக்கு வேண்டியது பத்து லட்சம். மீதி யாருடையது? கழித்தல் தெரியுமா, அதற்கும் ஆர்ஐஏஏ சான்றிதழ் வேண்டுமா?

தாளக்காரன்:
இலவசமாகக் கையில் கிடைத்த பிறகும் அடுத்த வாரம் அத்தனை பேர் தேடி வந்திருக்கிறார்கள் என்பது உங்கள் கண்ணில் படாது.

நள்ளிரவு ரேடியோ:
"விற்றது" என்று இருவரும் ஆளுக்கொன்றைச் சொல்கிறீர்கள். முதலில் அதைப் பேசி முடியுங்களேன்.

பழையகேசட்:
அதில் பேச ஒன்றுமே இல்லை. விற்றது என்றால் விற்றது. 2013ல் ஜே-ஸியே டுவிட்டரில், பத்து லட்சம் விற்று பில்போர்டு சொல்லாவிட்டால் அது நடக்கவில்லையா என்று கேட்டார். அப்போதே தெரியவில்லையா, அவருக்கே உறுத்தியது என்று?

தாளக்காரன்:
கிண்டலாகக் கேட்டதை ஒப்புதல் வாக்குமூலமாக்கிவிட்டீர்கள். அபாரம்.

நள்ளிரவு ரேடியோ:
4:44இன் 'லெகஸி' பாட்டில் வரும் பாடகர் டானி ஹாத்தவே சாம்பிள் (பழைய பாட்டிலிருந்து வெட்டி எடுத்த துண்டு) பற்றித் தனி இழை தொடங்குகிறேன். ரசீது கேட்பவர்கள் தயவுசெய்து அங்கே வர வேண்டாம்.

பழையகேசட்:
வருவேன். அந்த சாம்பிளைப் பற்றி இங்கே முதலில் எழுதியதே நான்தான், தேடிப் பாருங்கள்.

குயின்ஸ்பிரிட்ஜ்:
அதை எழுதியது நான். நீங்கள் அதன் கீழே "ம்" என்று போட்டிருந்தீர்கள்.