புதுப்பிப்பு: ஸ்கைலைனரா, பஸ்ஸா?

புளோரிடா டிஸ்னி வேர்ல்டில் பாப் செஞ்சுரி விடுதியில் தங்கும்போது பூங்காக்களுக்கு ஸ்கைலைனர் என்கிற கேபிள் காரில் போவதா, பஸ்ஸிலா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு, பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

எனக்கு ஸ்கைலைனர்தான்! பெட்டிகள் வந்துகொண்டே இருப்பதால் வரிசை நீளமாக இருந்தாலும் நகர்ந்துகொண்டே போகும். ஒரு பெட்டியில் 10 பேர் வரை உட்காரலாம். நிலையத்தில் அது மெல்ல ஊர்ந்தபடியே இருக்கும், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறிவிட்டார். ஏரிக்கு மேலே போகும்போது அவர் முகத்தைப் பார்க்கணுமே!

எப்காட் பூங்காவுக்குப் போக கரீபியன் பீச் விடுதி நிலையத்தில் வேறு பெட்டிக்கு மாறணும். இறங்குவது முன்வாசலில் இல்லை, பூங்காவுக்குள் இருக்கும் பிரான்ஸ் அரங்குக்குப் பக்கத்து வாசலில். பெட்டியில் ஏசி கிடையாது, காற்றோட்டம் மட்டும்தான்.

அப்புறம், மின்னல் வந்தால் நிறுத்திவிடுவார்கள். மேஜிக் கிங்டம், அனிமல் கிங்டம் பூங்காக்களுக்கு பஸ்தான்.