கூரை கறுப்பா, வெளிர் நிறமா? மேற்கு சிட்னியில் வீடு கட்டியவர்கள் சொல்லுங்கள்

செல்வா
வணக்கம். மேற்கு சிட்னியில் 350 சதுர மீட்டர் மனை வாங்கி, இரண்டு மாடி வீடு கட்டப்போகிறோம். அடுத்த வாரம் கலர் செலக்ஷன். பில்டர்கள் மாதிரி வீடுகளைக் கட்டிக் காட்டுகிற டிஸ்பிளே வில்லேஜில் பார்த்த வீடுகள் எல்லாம் ஒரே சீருடையில் நிற்கின்றன: வெள்ளைச் சுவர், கறுப்பு ஜன்னல் சட்டம், கலர்பாண்ட் வகைத் தகரக் கூரை, அதுவும் மானுமென்ட் என்ற, கறுப்பை ஒட்டிய கருஞ்சாம்பல் நிறத்தில். எங்களுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. கூட வேலை செய்பவர் ஒருவரோ, "அந்த வெயிலில் கறுப்புக் கூரையா?" என்று தலையில் அடித்துக்கொள்கிறார். பில்டரின் ஆளைக் கேட்டால், வெப்பத்தைத் தடுக்கிற இன்சுலேஷன் போட்டுவிட்டால் நிறம் ஒரு பொருட்டே இல்லையாம். யார் சொல்வது சரி?

வேப்பங்காற்று
உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. ஒவ்வொரு கூரை நிறத்துக்கும் வெயிலை உறிஞ்சும் அளவு கணக்கிடப்பட்டிருக்கிறது. மானுமென்ட் தன் மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய முக்கால் பங்கை உள்ளே வாங்கிக்கொள்ளும். சர்ஃப்மிஸ்ட் என்ற வெளிர் நிறம் மூன்றில் ஒரு பங்கைத்தான் வாங்கும். விலையில் வித்தியாசமே இல்லை. 2020 ஜனவரி 4 அன்று மேற்கு சிட்னியின் பென்ரித்தில் 48.9 டிகிரி அடித்தது. கடற்காற்று அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அங்கே போய் வீட்டின் தலைமேல் தோசைக்கல்லை வைப்பேன் என்கிறீர்கள்.

பில்டருக்கு என்ன, சாவியைக் கொடுத்ததும் அவர் வேலை முடிந்தது. மின் கட்டணம் உங்களுக்குத்தானே வரும்.

மெல்பன் கோபி
செல்வா, பயப்படாதீர்கள். நான் கட்டியது மானுமென்ட் கூரைதான். வெப்பம் கூரைத் தகட்டிலிருந்து நேராகப் படுக்கையறைக்குக் குதிப்பதில்லை. தகட்டுக்கு அடியில் படலம் ஒட்டிய வெப்பத் தடுப்பு விரிப்பு, அதற்குக் கீழே காற்று வெளி, அப்புறம் சீலிங் மேல் தடிமனான இன்சுலேஷன். இவற்றைத் தாண்டித்தான் வரவேண்டும். நியூ சவுத் வேல்ஸில் 2023 அக்டோபரிலிருந்தும் விக்டோரியாவில் 2024 மே மாதத்திலிருந்தும் புது வீட்டுக்கு 7 நட்சத்திர அளவு வெப்பத் தரம் கேட்கிறார்கள். உங்கள் வீடு அந்தத் தேர்வில் தேறித்தான் வரும். பிறகு எதற்கு நிறத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கவேண்டும்?

இன்னொன்று, கூரையில் சோலார் தகடு பதிப்பீர்கள் அல்லவா? அதற்கு அடியில் என்ன நிறம் இருந்தால் என்ன?

வேப்பங்காற்று
மெல்பனில் இருந்துகொண்டு பென்ரித் வெயிலுக்குத் தீர்ப்பா, கோபி? உங்கள் ஊரில் ஆண்டில் பாதி நாள் ஹீட்டர் ஓடுகிறது.

சரி, இன்சுலேஷனுக்கே வருகிறேன். மேற்கு சிட்னிப் புது வீடுகளில் டக்டட் ஏசியின் குழாய்கள் எங்கே ஓடுகின்றன? சீலிங் இன்சுலேஷனுக்கு மேலே, கூரைக்கு அடியில். வீட்டிலேயே அதிகம் கொதிக்கிற இடம் அதுதான். குளிர்ந்த காற்றை அந்தக் கொதிப்பின் நடுவே அனுப்பி, வழியில் சூடேற்றி, படுக்கையறையில் ஊதவிடுகிறார்கள். மெல்லிய உறை போட்ட குழாய் எவ்வளவுதான் தாங்கும்? "நிறம் பொருட்டில்லை" என்று சொன்ன ஆளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

டூங்காபி மாமா
தம்பிமார், நான் இஞ்ச வந்து கனகாலம். முதல் இருந்த வீடு சிவப்பு ஓட்டு வீடு, அதுவும் நல்ல அடர் சிவப்பு. ஒருத்தரும் கூரை நிறத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. ஏனென்றால் சுற்றிவர மரம் இருந்தது, பின்வளவு இருந்தது, ஒரு விறாந்தையும் இருந்தது. இப்ப மகன்ர வீட்டு யன்னலால கையை நீட்டினால் பக்கத்து வீட்டுச் சுவர் முட்டுது. நிறத்தில மட்டும் பழியைப் போடாதேங்கோ.

யாழினி
மாமா தொட்டதுதான் உண்மையான புள்ளி. நான் பிரிஸ்பேனில் கட்டட வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். என் கருத்து இரண்டு பேருக்குமே பிடிக்காது.

இந்த நாட்டில் வெயிலோடு வாழத் தெரிந்த வீடுகள் இருந்தன. குயின்ஸ்லாந்தின் பழைய மரவீடுகளைப் பாருங்கள். கால்களின் மேல் தூக்கிக் கட்டி, அடியில் காற்று ஓடவிட்டு, அகலமான வராந்தா வைத்து, கதவுகளுக்கு மேலே காற்றுப் போக மரச் சல்லடை வைத்தார்கள். பின்னால் கட்டடக் கலைஞர் கிளென் மர்கட் வந்தார். கட்டடக் கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசை 2002-ல் பெற்றவர். நியூ சவுத் வேல்ஸின் கெம்ப்சி அருகே 1975-ல் அவர் கட்டிய மேரி ஷார்ட் வீடு நெளிதகரமும் மரமும்தான். ஆட்டு ரோமக் கொட்டகை போல இருக்கும். இரண்டு நீள்கூடங்கள், காற்றை அனுமதிக்கிற லூவர்கள், அதாவது சாய்த்துத் திறக்கிற பட்டைகள். அதே மாநிலக் கடற்கரையில், பிங்கி முனையில் உள்ள மேக்னி வீட்டில் அறைகளை வரிசையாக வைத்து வடக்கைப் பார்க்கவிட்டிருக்கிறார்.

வடக்கு ஏன் என்றால், இங்கே சூரியன் அந்தப் பக்கம்தான். சிட்னியில் டிசம்பர் நண்பகலில் அது ஏறக்குறைய 80 டிகிரி உயரத்தில் நிற்கும், ஜூனில் 33 டிகிரிதான். வடக்கு ஜன்னலுக்கு மேலே சரியான அளவில் கூரையை நீட்டிவிட்டால் கோடை வெயில் உள்ளே வராது, குளிர்கால வெயில் வரும். கரண்ட் செலவில்லாத ஏற்பாடு. டிஸ்பிளே வில்லேஜ் பெட்டி வீடுகளில் அந்த நீட்டமே இல்லை. மேற்குப் பக்கம் பெரிய கண்ணாடி, அதுவும் ஒற்றை அடுக்குக் கண்ணாடி, அலுமினியச் சட்டம். கறுப்புக் கூரை இந்தக் கூட்டத்தில் கடைசிக் குற்றவாளி.

மெல்பன் கோபி
மர்கட் பேச்சு வரும் என்று எதிர்பார்த்தேன். யாழினி, மேரி ஷார்ட் வீடு பண்ணை நிலத்தில் நிற்கிறது. சுற்றிலும் புல்வெளி. செல்வாவின் மனை 350 சதுர மீட்டர். மனை தெற்கு வடக்காக நீண்டிருக்கிறதா, மேற்கு பார்த்ததா என்பதை நில நிறுவனம் தீர்மானித்து முடித்துவிட்டது. பக்கவாட்டில் எல்லைக்கு 900 மில்லிமீட்டர்தான் மிச்சம். தீ விதிப்படி அதில் கூரையை நினைத்தபடி நீட்டவும் முடியாது. ஆர்கிடெக்ட்டுக்குக் கட்டணம் கொடுத்துவிட்டு வங்கிக் கடனையும் கட்ட அவர் என்ன செய்வார்? அழகான வீடுகளின் படத்தைக் காட்டி நடுத்தரக் குடும்பத்தை மட்டம் தட்டுவது உங்கள் தொழிலில் வழக்கமாகிவிட்டது.

குயின்ஸ்லாந்து வீட்டில் ஜூலை இரவு படுத்திருக்கிறீர்களா? இடுக்கு வழியாக வருகிற குளிருக்கு மூன்று போர்வை வேண்டும்.

யாழினி
படுத்திருக்கிறேன், இப்போதும் அப்படி ஒரு வீட்டில்தான் வாடகைக்கு இருக்கிறேன். குளிரும், மறுக்கவில்லை.

ஆனால் நல்ல வடிவமைப்பு பணக்காரருக்கு மட்டும்தான் என்பதை இந்த நாட்டின் வரலாறே ஒப்புக்கொள்ளாது. 1947-ல் மெல்பனில் கட்டடக் கலைஞர் ராபின் பாய்ட் தலைமையில் சிறு வீடுகளுக்கான சேவை தொடங்கியது. கட்டடக் கலைஞர் வரைந்த முழுப் படத்தை 5 பவுண்டுக்கு விற்றார்கள். 1960-களில் சிட்னியில் பெட்டிட் அண்டு செவிட் என்ற பில்டர், கென் வூலி போன்ற கட்டடக் கலைஞர்களைக் கொண்டு வரையவைத்து, சரிவான மனைக்கு ஏற்ற வீடுகளைப் பட்டியலில் போட்டு விற்றார். அதுவும் மொத்தமாகக் கட்டும் நிறுவனம்தான்! அந்த அக்கறை இப்போதைய பட்டியல்களில் எங்கே போயிற்று என்றுதான் கேட்கிறேன். வாங்குகிறவரைக் குறை சொல்லவில்லை.

பிரிக் வெனீரையும் பாருங்கள். மரச் சட்டம் உள்ளே, செங்கல் வெளியே. வெப்பத்தைத் தாங்கி மெதுவாக விடுகிற கனமான பொருள், வீட்டுக்கு வெளியே நின்று வெயில் காய்கிறது. உள்ளே ஜிப்சம் பலகை. இதை எந்தப் பெயின்ட் சரிசெய்யும்?

வேப்பங்காற்று
யாழினி, எல்லாம் சரி. ஆனால் அவர் அடுத்த வாரம் எதை மாற்ற முடியும்? நிறத்தை. "கடைசிக் குற்றவாளி" என்று சொல்லி அதையும் தப்பவிடுகிறீர்கள்.

அது அவர் வீட்டோடு முடிகிற விஷயமும் இல்லை. ஒரு தெருவே கறுப்புக் கூரையாக இருந்தால் ராத்திரி பத்து மணிக்கும் தெரு கொதிக்கும். அதனால்தான் 2021-ல் தென்மேற்கு சிட்னியின் வில்டன் புதுக் குடியிருப்புகளில் அடர்நிறக் கூரை கூடாது என்றார் நியூ சவுத் வேல்ஸின் அப்போதைய திட்டமிடல் அமைச்சர் ராப் ஸ்டோக்ஸ். மாநிலம் முழுவதற்கும் அப்படி ஒரு விதி வருவதாக இருந்தது. 2022-ல் அடுத்த அமைச்சர் ஆண்டனி ராபர்ட்ஸ் அந்த வடிவமைப்பு விதித்தொகுப்பையே தூக்கிப் போட்டுவிட்டார்.

மெல்பன் கோபி
போட்டது நல்லதுதான். என் கூரை நிறத்தை அமைச்சர் முடிவு செய்வாரா? வெளிர் கூரையின் கண்கூச்சம் பக்கத்து வீட்டு மாடி ஜன்னலில் அடித்தால் அந்தப் புகாரை யார் கேட்பது? என் ஊரில் குளிர்காலத்தில் கறுப்புக் கூரை கொஞ்சம் கதகதப்பும் தரும்.

வேப்பங்காற்று
குளிர்காலத்தில் வெயில் சாய்வாக, கொஞ்ச நேரம்தான் விழும். ஹீட்டர் தேவைப்படுவது ராத்திரியில். அந்தக் கதகதப்பை எங்கே பிடித்து வைக்கப்போகிறீர்கள்? அதுவும் நீங்கள் சொன்ன அத்தனை இன்சுலேஷனையும் தாண்டி வரவேண்டும். கோடை வெப்பத்தை மட்டும் தடுத்து, குளிர்கால வெப்பத்தை உள்ளே விடுகிற இன்சுலேஷன் எந்தக் கடையில் கிடைக்கிறது?

மெல்பன் கோபி
சரி, மெல்பனில் பெரிய லாபம் இல்லை, பெரிய நட்டமும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிட்னியில் விற்கப்போகும்போது வாங்க வருபவர் கறுப்பைத்தான் தேடுவார். அதற்கு என்ன பதில்?

டூங்காபி மாமா
இடையில ஒரு கேள்வி. மருமகள் குசினியில சமையல் மேடைக்குக் கல் போட வேணும் எண்டு நிக்கிறா. முந்திப் போட்ட செயற்கைக் கல் இப்ப இல்லையாமே?

யாழினி
ஆமாம் மாமா. 2024 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. அதை வெட்டும்போது பறக்கிற சிலிக்கா தூசியால் இளம் தொழிலாளர்களின் நுரையீரல் பாழாகியது. இப்போது சிலிக்கா குறைந்த மாற்றுகள், போர்சலின், மரம், இயற்கைக் கல் கிடைக்கின்றன. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, வெட்டுகிறவர் தண்ணீர் விட்டு வெட்டுகிறாரா என்று விசாரியுங்கள். மீன் பொரிக்கப் பின்னால் இரண்டாவது குசினி கட்டுகிறார்கள் என்றால், காற்றுப் போக்கி வெளியே திறக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். நிறைய வீடுகளில் புகை கூரைக்கு அடியிலேயே சுற்றுகிறது.

செல்வா
எல்லோருக்கும் நன்றி. பில்டரிடம் பேசினேன். ஜன்னல் சட்டம் கறுப்பாகவே இருக்கட்டும், மனைவி அதில் விட்டுக்கொடுக்க மாட்டார். கூரைக்கு ஷேல் கிரே என்ற வெளிர் சாம்பல் நிறம் கேட்டிருக்கிறேன், கூடுதல் பணம் இல்லை. டக்ட் குழாய்க்குத் தடிமனான உறையும் கேட்டேன், விலை சொல்வதாகச் சொன்னார்கள். மேற்கு ஜன்னலைச் சின்னதாக்கவா என்றால், பிளான் அனுமதிக்குப் போய்விட்டது, மாற்றினால் தனிக் கட்டணமாம்.

மெல்பன் கோபி
பார்த்தீர்களா, இலவசமாகத் தருவதை எல்லாம் மாற்றிவிட்டார்கள். அசல் பிரச்சினை ஜன்னலில் அப்படியே நிற்கிறது. இதற்கு மானுமென்ட்டே போட்டிருக்கலாம்.

யாழினி
கோபி, ஜன்னலைப் பற்றி நான் சொன்னதை இப்போது நீங்கள் சொல்கிறீர்கள், பரவாயில்லை. செல்வா, அந்தக் கட்டணத்தைக் கொடுக்காதீர்கள். சாவி வாங்கிய பிறகு மேற்கு ஜன்னலுக்கு வெளிப்புறம் இறக்குகிற திரை மாட்டிக்கொள்ளலாம். உள்ளே தொங்கவிடும் திரைச்சீலை அந்த அளவுக்கு உதவாது, வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகு தடுத்து அதிகப் பயனில்லை. இன்னொன்று, உங்கள் பேசிக்ஸ் சான்றிதழில் (புது வீட்டின் மின்சார, தண்ணீர்ச் சிக்கனத்துக்கு நியூ சவுத் வேல்ஸில் கேட்கிற சான்று) கூரை வெளிர், நடுத்தரம், அடர் என்று எதில் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அடர் என்று இருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அதையும் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.